வயல் இல்லாத இடத்து வேலி

ஆகுவாஸ் ஃப்ரியாஸ்
ஆகஸ்ட் 6

அன்புள்ள ஒதீலியா அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிட்டாலும் வருத்தப்பட மாட்டேன். உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரிந்தால் அப்பா அடிக்க மாட்டார், திட்டக்கூட மாட்டார். உங்கள் பெயரை யாராவது எடுத்தால் எழுந்து வெளியே போவாரே, அப்படிப் போய்விடுவார். அதுதான் எனக்குத் தாங்காது.

இந்தத் தாள் கைக்கு வரும்போது உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்க வேண்டும், சோள அரேப்பா ரொட்டி வியாபாரம் நன்றாக நடக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டேன். இங்கே நாங்கள் நலம். அம்மா பூப்பண்ணையிலிருந்து மாதம் ஒருமுறைதான் வருகிறார். உருளைக்கிழங்கு இந்த முறை சிறுத்துவிட்டது. துவான் அண்ணனைப் பற்றி ஏதாவது தெரிந்ததா? வியாழக்கிழமைகளில் அவர் படத்தைத் தூக்கிக்கொண்டு, காணாமல் போனவர்களைத் தேடும் அந்த அலுவலகத்துக்கு இன்னும் போகிறீர்களா?

நான் எழுதும் காரணம் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். ரெதாமோ முள்ளை ஒழிக்க எங்கள் லுஸ்மிலா டீச்சர் இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கியிருக்கிறார். நீங்கள் இருந்த காலத்தில் அது வேலியில் மட்டும் இருந்தது. இப்போது மேடெல்லாம் மஞ்சள் பூவாகிவிட்டது. முள் எங்கே இருக்கிறதோ அங்கே வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண். பள்ளிக்கூடத்துக்கும் ஓர் எண், அது என் பொறுப்பு. மூன்று எண்கள் ஒரே புள்ளியை உறுதி செய்தால் எல்லா வீட்டுப் போனிலும் மணி அடிக்கும். அடுத்த ஞாயிறு அங்கே ஊரே கூடி வேலை செய்யும் மிங்கா. வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்தே ஆக வேண்டும்.

நீர்த்தொட்டிக்கு மேலே, யாருக்கும் சொந்தமில்லாத மேட்டில் ஒரு புதர் இருக்கிறது. அதற்கு நான் புள்ளி வைத்தேன். காலையில் பார்த்தால் 'அகற்றியாகிவிட்டது' என்று போட்டுப் புள்ளி போயிருக்கிறது. போய்ப் பார்த்தேன். புதர் அப்படியே நிற்கிறது. மறுபடி வைத்தேன். மறுபடி போய்விட்டது. வகுப்பில் சொன்னால், "பேய்க்கும் பாஸ்வேர்டு குடுத்துட்டியாடி?" என்று சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதிலைப் பால் லாரி ராமிரோவிடம் கொடுத்தனுப்புங்கள். அவர் வாய் திறக்க மாட்டார்.

உங்கள் ஆசியை வேண்டும்,
மரிசெல்

*

வில்லாவிசென்சியோ
ஆகஸ்ட் 19

என் கண்ணே மரிசெல்,

கடவுள் உன்னை உயரமாக வளர்க்கட்டும். கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ டீச்சர் எழுதுகிறார் என்று நினைத்துவிட்டேன். நான் கிளம்பும்போது உனக்கு ஐந்து வயது, பென்சிலைக் கடித்துத் தின்பாய்.

நான் நலம். இங்கே வெயில். அந்தக் குளிரை நினைத்தால் இப்போதும் எலும்பு வலிக்கிறது. உன் அப்பா ராத்திரியில் நெஞ்சை மூடிக்கொண்டு தூங்குகிறானா? சின்ன வயதிலேயே அவனுக்கு இழுப்பு உண்டு.

துவானைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. வியாழன்தோறும் போகிறேன். "அடுத்த வாரம் வாங்கம்மா" என்கிறார்கள். வாசலில் என்னைப் போல இன்னும் பல பேர். இப்போது நாங்கள் எல்லோரும் சிநேகிதிகள். ஒருத்தி காப்பி கொண்டுவருவாள், நான் அரேப்பா. கன்றுக்குட்டியைத் தேடிப்போன பிள்ளை, ஒன்பது வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறான் என்று சொல்லி நான் அவர்களைச் சிரிக்க வைப்பேன். அன்றைக்குக் காலையில் வெயில் அடித்ததால் கம்பளி ருவானாவைப் போர்த்திக்கொள்ளாமல் போனான். அது என் கட்டில் தலைமாட்டில் தொங்குகிறது.

முள்ளை வெட்டும்போது கையுறை போட்டுக்கொள். புள்ளியைப் பற்றிப் பயப்படாதே. ஏதாவது ஒரு கிழவர் தெரியாமல் அமுக்கியிருப்பார்.

போன் வாங்கச் சொல்லாதே. அந்த நாட்களில் போனில் வந்த மிரட்டல் குரல்களே எனக்குப் போதும். இப்படித் தாளில் எழுது.

அத்தை ஒதீலியா

*

ஆகுவாஸ் ஃப்ரியாஸ்
ஆகஸ்ட் 30

அன்புள்ள அத்தைக்கு,

நலம், உங்கள் நலம் அறிய ஆவல். அப்பா நெஞ்சை மூடித்தான் தூங்குகிறார், ஆனால் தூங்குவதே குறைவு.

பக்கம் வளர்கிறது. எப்படி வெட்ட வேண்டும் என்று நானே எழுதினேன்: பூக்கும் முன்பு வெட்டு, வேரை முழுதாகத் தோண்டி எடு, மேல்மண்ணையும் வாரிச் சலி, வீடு திரும்பும் முன் பூட்ஸைக் கழுவு. தீ மட்டும் வைக்காதே. எல்லோரும் அந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள். எரித்தால் போய்விட்டது என்று நினைக்கிறார்கள், ஆனால் சூடு பட்டதும் மண்ணுக்குள் இருக்கும் விதைகள் விழித்துக்கொள்ளும். அவை முப்பது வருடம்கூட மண்ணில் காத்துக் கிடக்குமாம். அதை எழுதிய இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கீழ்வீட்டு தோன்யா பிலார் தினமும் தன் மாட்டைப் படம்பிடித்துப் பக்கத்தில் போடுகிறார். "ஏன்டி, எம் மாட்டுப் படத்த மட்டும் ஏன் அழிச்சுட்ட?" என்று பள்ளிக்கே வந்துவிட்டார்.

"அது முள்ளு இல்லையே, தோன்யா பிலார்."

"முள்ளு மேலதான நிக்குது! நல்லாப் பாரு!"

அவரைச் சமாதானப்படுத்த அந்த மேட்டுக்கு அழைத்துப் போனேன். புதரைப் பார்த்ததும் மாட்டை மறந்துவிட்டார். "இது தானா மொளைச்சது இல்லடி. யாரோ வரிசையா நட்டிருக்காங்க. அந்தக் காலத்துல வேலிக்கு நட்ட மாதிரி. ஆனா இங்க வயலே இல்லயே, எதுக்கு வேலி?" என்றார். நானும் அப்போதுதான் கவனித்தேன். நான்கு பக்கமும் நேர்கோடு. ஒரு கட்டில் அகலம், கட்டிலைவிடச் சற்று நீளம். நடுவில் நெருக்கமாக வளர்ந்து மூடிக்கொண்டிருக்கிறது.

படம் எடுக்கக் கையை உள்ளே விட்டேன், கிழித்துவிட்டது. அடியில் ஒரு சார்டின் டப்பா. அதற்குள் மெழுகுவர்த்தித் துண்டு. டப்பா பளபளவென்று இருந்தது, அத்தை, துரு இல்லை.

தோன்யா பிலார் தன் வீட்டு எண்ணில் உறுதி செய்துவிட்டார். என்னுடையதைத் திரும்ப வைத்தேன். பள்ளி ஒன்று, பிலார் வீடு ஒன்று. இரண்டு எண் சேர்ந்துவிட்டதால் இனி வேறு யாரும் அதை அழிக்க முடியாது. இன்னும் ஒரு வீடு வேண்டும்.

மரிசெல்

*

வில்லாவிசென்சியோ
செப்டம்பர் 4

மரிசெல்,

நீர்த்தொட்டிக்கு எந்தப் பக்கம்? ஓடை பக்கமா, பழைய கன்றுப் பட்டி பக்கமா?

முள் உன் உயரம் இருக்கிறதா, அதைவிட உயரமா? தண்டு எவ்வளவு தடிமன்? அங்கே மெழுகுவர்த்தி எந்தக் கிழமையில் எரிகிறது?

வேறு யாரிடமும் கேட்காதே. உனக்குத் தெரிந்ததை மட்டும் எழுது.

ஒதீலியா

*

ஆகுவாஸ் ஃப்ரியாஸ்
செப்டம்பர் 17

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் நலமா? இந்த முறை நீங்கள் என் நலத்தைக் கேட்கவில்லை.

பழைய கன்றுப் பட்டி பக்கம். முள் அப்பாவைவிட உயரம். தண்டு என் மணிக்கட்டளவு. டீச்சரிடம் பொதுவாகக் கேட்டேன், அந்தத் தடிமன் வர எட்டு ஒன்பது வருடமாவது ஆகும் என்றார்.

கிழமை கேட்டீர்கள். திங்கட்கிழமை. எல்லோரும் கோயிலில் ஆன்மாக்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் நாள் என்பதால் எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நேற்று நான் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். வந்தவர் அப்பா.

"பசுவப் பாத்துட்டு வரேன்" என்று ஒவ்வொரு திங்களும் அவர் கிளம்புவார். பசு எதிர்ப்பக்கத்தில் கட்டியிருக்கும், நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். பேசினார். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. சிறிது நேரம் யாரோ பதில் சொல்வதைக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்து நின்றார். எனக்கு அந்த இடத்திலேயே காய்ச்சல் வந்துவிட்டது.

இன்னொன்று. முன்பு புள்ளியை அழித்த எண்ணை டீச்சரின் கணினியில் பார்த்தேன். அது எங்கள் வீட்டு எண்.

இப்போது ராத்திரி. பள்ளி டேப்லெட்டின் வெளிச்சத்தில் எழுதுகிறேன். பக்கத்து அறையில் அப்பா இருமுகிறார். அத்தை, எதற்காக இதையெல்லாம் என்னிடம் கேட்டீர்கள்? சீக்கிரம் எழுதுங்கள்.

மரிசெல்

*

ஆகுவாஸ் ஃப்ரியாஸ்
அக்டோபர் 14

அன்புள்ள அத்தைக்கு,

உங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? நான்கு வாரமாக ராமிரோ என்னைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்குகிறார். கோபம் என்றாலும் ஒரு வரி எழுதலாமே.

சனிக்கிழமை தோன் அபெல் வீட்டுக்கு வந்தார். உங்களுக்கு அவரைத் தெரியும். இப்போது எங்கள் எல்லோருடைய உருளைக்கிழங்கையும் வாங்குவது அவர்தான். அந்தக் காலத்தில் துப்பாக்கிக்காரர்களுக்கு வழி காட்டிக்கொண்டு முன்னால் நடந்தவரும் அவர்தான் என்று சமையலறைகளில் சொல்வார்கள். ஆனால் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.

அவருக்கு நான் வெல்லத் தண்ணீர் சூடாகக் கொடுத்தேன். "கம்ப்யூட்டர்ல புள்ளி வெக்கிறது ஒம் பொண்ணுதானா, எவேலியோ?" என்றார். "கெட்டிக்காரி. நம்ம தாத்தாமாரு நட்ட முள்ளப் புடுங்க நமக்கு வரைபடம் போட்டுக் குடுக்குது. என்னா காலம் பாத்தியா!"

"பள்ளிக்கூட வேல, தோன் அபெல்" என்றார் அப்பா. "புள்ளைங்க வெளையாட்டு."

"வெளையாடட்டும், வெளையாடட்டும். நானும் ஒத்தாசை பண்றேன். அந்தத் தொட்டி மேட்டப் பஞ்சாயத்துல குத்தகைக்குக் கேட்டிருக்கேன். ரெண்டு வெயில் அடிக்கட்டும், தீ வெச்சிட்டா ஒரே ராத்திரியில சுத்தம். அப்பறம் டிராக்டர். நவம்பர் இருபதுக்குச் சொல்லி வெச்சிருக்கேன்."

"தீ வெச்சா இன்னும் ஜாஸ்தியா மொளைக்கும்" என்று நான் சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கையை மேசை விளிம்புக்குக் கீழே நீட்டிக் காட்டினார். "அந்த வருஷம் இவ இவ்வளவு ஒசரம்தான் இருந்தா. ஞாபகம் இருக்கா, எவேலியோ? அன்னிக்கு நாம என்ன பேசிக்கிட்டோம்னு?"

"இருக்கு" என்றார் அப்பா.

அவர் போன பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தலை பின்னிவிட்டார். சின்ன வயதுக்குப் பிறகு செய்ததே இல்லை. பின்னல் கோணலாக வந்தது.

மரிசெல்

*

வில்லாவிசென்சியோ
அக்டோபர் 21

என் கண்ணே,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் மேல் கோபமும் இல்லை. பலமுறை எழுத உட்கார்ந்தேன், தாள் வெள்ளையாகவே இருந்தது.

நான் சொல்வதைச் செய். பள்ளிக்கூட எண்ணில் போய் அந்தப் புள்ளியை எடுத்துவிடு. தப்பாக வைத்துவிட்டேன் என்று டீச்சரிடம் சொல். அந்த மேட்டுக்கு இனிப் போகாதே. அபெல் வந்தால் நீ வெளியே வராதே.

நான் ஒன்பது வருடம் நடந்தேன். இன்னும் நடப்பேன், கால் பழகிவிட்டது. உனக்குப் பதினான்கு வயது. அவன் மேசையடியில் காட்டிய கை எனக்குத் தெரியும். உன்னைக் காட்டித்தான் உன் அப்பாவின் வாயை மூடியிருக்கிறான். எவேலியோ ஏன் என்னிடம் பேசுவதில்லை என்று இத்தனை வருடம் அவனைச் சபித்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் அந்தச் சாபங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

அப்பாவிடம் ஒன்றும் கேட்காதே. மெழுகுவர்த்தி வாங்க அவனிடம் காசு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்.

ஒதீலியா

*

ஆகுவாஸ் ஃப்ரியாஸ்
அக்டோபர் 29

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா? எனக்கு இரண்டும் சரியாக இல்லை.

புள்ளியை எடுத்துவிட்டேன். இப்போது அங்கே பிலார் வீடு மட்டும் நிற்கிறது. ஒரு வீட்டை வைத்து ஒன்றும் நடக்காது.

அப்பா அதைப் பார்த்துவிட்டார். போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் திண்டாடினார். "நீயா எடுத்தே?" என்றார்.

"ஆமாப்பா."

"யாரு எடுக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

நான் எடுத்ததில் அவருக்கு நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. யாரோ கையை உதறிவிட்டதுபோல முகம் போய்விட்டது.

அங்கே இருப்பது யார் என்று நான் எழுத மாட்டேன். நீங்களும் எழுதவில்லை. ஆனால் ராத்திரியில் எனக்கு ஞாபகம் வருகிறது. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டுவார். "புடிச்சுக்க, மூக்க இல்லடி, முடியப் புடிச்சுக்க" என்பார். கூரையில் காற்று அடிக்கும்போது அந்தக் குரல் பக்கத்திலேயே கேட்கிறது. ஜன்னலைத் திறக்கப் பயமாக இருக்கிறது, திறக்காமலிருப்பது பாவமாகவும் இருக்கிறது.

இருபதாம் தேதி டிராக்டர். அதன் கலப்பை எலும்பு, கல் என்று பார்க்காது.

மரிசெல்

*

வில்லாவிசென்சியோ
நவம்பர் 5

என் கண்ணே மரிசெல்,

நான் நலமாகத்தான் இருக்கிறேன். நீ சாப்பிடு.

ஆன்மாக்கள் தினத்துக்கு இங்கே கல்லறைக்கு எல்லோரும் பூ கொண்டுபோனார்கள். எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் கையிலேயே வைத்திருந்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

நீ ஒன்றும் செய்ய வேண்டாம். நான் சொன்னது சொன்னதுதான். டிராக்டர் இருபதாம் தேதி என்பது உறுதியா? மழை பெய்தால் தள்ளிப்போகுமா? அங்கே மழை உண்டா? கேட்கத்தான் கேட்கிறேன். ஒன்றும் செய்யாதே.

நேற்று அந்த ருவானாவைக் கீழே இறக்கினேன். துவைத்து வெயிலில் போட்டேன். ஒன்பது வருடம் துவைக்காமல் வைத்திருந்தேன், அவன் வாசனை போய்விடும் என்று. ஏன் துவைத்தேன் என்று தெரியவில்லை.

ஒதீலியா

*

ஆகுவாஸ் ஃப்ரியாஸ்
நவம்பர் 12, இரவு

அன்புள்ள அத்தைக்கு,

இதையும் யாரிடமும் காட்டாதீர்கள். நீங்கள் நலமாக இருக்க வேண்டும், இதைப் படிக்கும்போது உட்கார்ந்திருக்க வேண்டும்.

மழை இல்லை. ஒரு வாரமாக வெயில். புதர் காய்ந்து முறுமுறுவென்று நிற்கிறது. தோன் அபெல் இருபது வரை காத்திருக்கப் போவதில்லை, இந்தச் சனிக்கிழமை இரவு தீ வைத்துவிடுவார் என்று ராமிரோ சொன்னார்.

நேற்று திங்கட்கிழமை. அப்பா பசுவைப் பார்க்கப் போகவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து சுடரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா, மெழுகுவத்தி இருக்கு" என்று எடுத்து அவர் முன்னால் வைத்தேன். நான் அவ்வளவுதான் சொன்னேன், அத்தை. அவர் அதைத் தொடவில்லை. என் கையைப் பிடித்து, முள் கிழித்த தழும்பை விரலால் தடவினார். தன் கையைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அதில் அதே மாதிரித் தழும்புகள், பழையவை, நிறைய. "ஒனக்கு இப்ப எத்தன வயசு?" என்றார். "பதினாலு." "துவானுக்குப் பதினேழு" என்றார். இந்த வீட்டில் அந்தப் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. பிறகு எழுந்து போய்ப் படுத்துவிட்டார்.

இன்று சாயங்காலம் பக்கத்தைத் திறந்தேன். அந்தப் புள்ளி சிவப்பாக இருந்தது. கீழே இரண்டு வீடுகள். தோன்யா பிலார் வீடு. அடுத்தது, எவேலியோ வீடு. எங்கள் எண். அப்பாதான் வைத்திருக்கிறார். முன்பு அழித்துக்கொண்டிருந்த அதே போனில்.

மூன்றாவது இடம் காலியாக இருக்கிறது. அதை நிரப்பினால் தோன் அபெல் வீட்டுப் போனிலும் மணி அடிக்கும். ஆனால் எல்லா வீட்டுப் போனிலும் சேர்ந்து அடிக்கும். மிங்கா அறிவித்துவிட்டால் அந்த இடத்தில் யாரும் தனியாகக் கை வைக்க முடியாது, இந்த மலையில் அவ்வளவு துணிச்சல் எவனுக்கும் கிடையாது. எல்லோர் கண்ணும் அந்த மேட்டின் மேல் இருக்கும். எல்லோர் மண்வெட்டியும்.

நீங்கள் ஒன்றும் செய்யாதே என்றீர்கள். இரண்டு முறை எழுதினீர்கள். ஆனால் டிராக்டரைப் பற்றி மூன்று கேள்வி கேட்டீர்கள்.

நான் பயப்படுகிறேன், அத்தை. டேப்லெட் மடியில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டேன்.

அமுக்கிவிட்டேன்.

பக்கத்து அறையில் அப்பாவின் போன் மணி அடிக்கிறது. மலைக்குக் கீழே பிலார் வீட்டில் விளக்கு எரிகிறது. தூரத்தில் இன்னொரு வீட்டில். இன்னொன்றில். நாய்கள் குரைக்கத் தொடங்கிவிட்டன. கட்டில் கிரீச்சிடுகிறது. அப்பாவா, முற்றத்திலா என்று தெரியவில்லை, யாரோ பூட்ஸ் காலோடு நடக்கிறார்கள். என் அறைப் பக்கம்தான் வருகிறது. அத்தை, கதவைத் தட்டு

*

(அதே தாளின் அடியில், பென்சிலில், வேறு கையெழுத்து)

அக்கா,

மூணு எண்ணும் ஆயிருச்சு. ஞாயித்துக்கெழம எல்லாரும் வராங்க. அதுவரைக்கும் ராத்திரி நான் அங்கதான் ஒக்காந்திருப்பேன், பிலாரும் வரேங்குது.

முள்ளு நட்டது நான்தான். மாடு மிதிக்கக் கூடாதுன்னு.

நீ வா. வரும்போது அவனோட ருவானாவ எடுத்துட்டு வா. அன்னிக்கு அது இல்லாமதான் வந்தான். இங்க ரொம்பக் குளிரு.

எவேலியோ